நானுஓயாக் குளிரில் மின்சாரக் கார் சரிப்படுமா?

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், வாசிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கட்டும். இலங்கை மலைநாட்டில், நுவரெலியாவுக்குப் பக்கத்து நானுஓயாவில் குடியிருக்கிறீர்கள், ஹட்டனில் படிப்பிக்கிறீர்கள். தினமும் போக வர ஏறத்தாழ 75 கிலோமீட்டர். பழைய நிசான் லீஃப் மின்சாரக் கார் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. ஆனால் குளிர்நாடுகளில் பனிக்காலம் வந்தால் மின்சாரக் காரின் ஓட்டம் குறைந்துவிடும் என்று காணொளிகளில் பார்த்திருக்கிறீர்கள். நம் ஊர்க் குளிரில் அதே கதி வருமா, காரோடு சேர்த்து வீட்டையும் சுற்றுச்சூழலுக்குப் பாரமில்லாமல் நடத்த முடியுமா என்று கேட்கிறீர்கள்.

நான் வயரிங் வேலை செய்கிறவன். 2013ஆம் ஆண்டு தயாரிப்பான, 24 கிலோவாட் மணி பெட்டரி கொண்ட லீஃப் ஒன்றை 2016இல் வாங்கி, இன்றைக்கும் நுவரெலியாவில் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: குளிருக்குப் பயப்பட வேண்டாம். நம் பக்கத்தில் கணக்குப் பார்க்க வேண்டியது ஏற்றத்தையும், மூடுபனியையும், வீட்டு வயரிங்கையும்தான்.

காணொளியில் நீங்கள் பார்த்த குளிர் வேறு. நோர்வேயில் பனிக்காலத்தில் பூச்சியத்துக்குக் கீழே பத்து, இருபது பாகை போகும். அங்கே ஓட்டம் ஐந்தில் ஒரு பங்கு குறைவது சாதாரணம், சில கார்களில் அதைவிடக் கூடவும் குறையும். அப்படியிருந்தும் 2024இல் அந்த நாட்டில் விற்ற புதிய கார்களில் பத்துக்கு ஒன்பது வரை முழு மின்சாரக் கார்கள். நுவரெலியாவின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை 16 பாகையளவு. தை, மாசி விடியற்காலைகளில் புல்லில் வெள்ளையாகப் பனி உறைவது உண்மை, தேயிலைக் கொழுந்து கருகுவதும் உண்மை. ஆனால் அது சில மணி நேரம். சில நூறு கிலோ எடையுள்ள பெட்டரி அதற்குள் உறைந்துவிடாது. பூச்சியத்துக்குக் கீழே இருக்கும்போது வேகமாகச் சார்ஜ் செய்வதுதான் லித்தியம் பெட்டரிக்குக் கெடுதல், அந்த நிலை நம் கராஜுக்குள் வருவதே இல்லை.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. லீஃபின் பெட்டரியைக் குளிரவைக்கத் தனி ஏற்பாடு எதுவும் கிடையாது, வெளிக்காற்றை நம்பித்தான் இருக்கிறது. அதனால் வெப்பமான ஊர்களில் அது சீக்கிரம் தேய்ந்துவிடும். 2012இலேயே அமெரிக்காவின் அரிசோனாப் பாலைவனப் பக்கத்து உரிமையாளர்கள் இதைக் கண்டு முறையிட்டார்கள். என் மச்சான் கொழும்பில் அதே வருடத்து லீஃப் வைத்திருக்கிறார். அவருடைய டேஷ்போர்டில் பெட்டரி ஆரோக்கியத்தைக் காட்டும் 12 கோடுகளில் மிஞ்சியிருப்பது 7. என்னுடையதில் 9. இரண்டும் ஏறத்தாழ ஒரே தூரம் ஓடியவை. நம் குளிர் அந்தப் பெட்டரிக்குச் செய்திருக்கும் உபகாரம் அது.

சரி, இனி மலைக்கு வருவோம். இதைத்தான் நிதானமாக வாசிக்கச் சொல்வேன்.

ஆட்களோடு சேர்த்து 1,600 கிலோ எடையுள்ள காரை 100 மீட்டர் உயரம் ஏற்ற, மோட்டாரில் வீணாவதையும் சேர்த்து, ஏறத்தாழ அரை யூனிட் (ஒரு யூனிட் என்பது ஒரு கிலோவாட் மணி) மின்சாரம் போகும். அதே 100 மீட்டரை இறங்கும்போது மோட்டார் ஜெனரேட்டராக மாறி, கால் யூனிட்டுக்குச் சற்றுக் கூடுதலாகத் திருப்பித் தரும். சமதரையில் ஓடுவதற்கு, மெதுவாகப் போனால், கிலோமீட்டருக்கு 0.13 அல்லது 0.14 யூனிட். இந்த மூன்று கணக்கும் கையில் இருந்தால் மலைநாட்டில் எந்தப் பயணத்தையும் முன்கூட்டியே போட்டுப் பார்க்கலாம்.

கண்டியிலிருந்து நுவரெலியாவுக்குக் கம்பளை, புஸ்ஸல்லாவை, ரம்பொடை வழியாக 77 கிலோமீட்டர். கண்டி ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்தில், நுவரெலியா 1,870இல். தூரத்துக்குப் பத்து யூனிட், ஏற்றத்துக்கு ஆறரை, ஆக மொத்தம் பதினாறு, பதினேழு யூனிட். புதிதாக இருந்தபோது இந்த லீஃபில் பாவிக்கக்கூடியது 21 யூனிட்டளவு. எழுபது வீதத்துக்குத் தேய்ந்த பெட்டரியில் 15தான் வரும். அதாவது என் கார் கண்டியில் முழுச் சார்ஜோடு புறப்பட்டாலும் நுவரெலியாவை எட்டாது, இடையில் எங்கேயாவது ஒரு மணி நேரமாவது செருக வேண்டும். ஆனால் அதே பாதையில் இறங்கும்போது ஆறு, ஏழு யூனிட்டில் கண்டி போய்ச் சேர்ந்துவிடுவேன். போகும்போது பாதிப் பெட்டரி மிச்சம், வரும்போது பெட்டரியே போதாது. இதைத் தெரியாமல் இறங்கிப் போனவர்கள்தான் ரம்பொடை வளைவுகளில் நின்றுவிடுகிறார்கள்.

உங்கள் பாதை அவ்வளவு கொடுமையானது இல்லை. நானுஓயா 1,600 மீட்டர், ஹட்டன் 1,270. இடையில் லிந்துலை, தலவாக்கலை வரை இறங்கி, ஹட்டனுக்குக் கொஞ்சம் ஏறுகிறீர்கள். போக வர மொத்தம் பதினொன்றரை யூனிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். 15 யூனிட் தரும் பெட்டரியில் முடியும், ஆனால் கையைக் கடிக்கும். மாலையில்தான் ஏற்றம், பெட்டரி குறைந்திருக்கும் நேரமும் அதுதான், ஹீட்டர் வேண்டியிருக்கும் நேரமும் அதுதான். பாடசாலையில் அதிபரிடம் கேட்டு, செலவைக் கொடுத்து, ஒரு 15 அம்பியர் பிளக்கில் மூன்று மணி நேரம் செருக முடிந்தால் ஆறு யூனிட்டுக்கு மேல் ஏறும், கவலை விட்டது. அது நடக்காது என்றால் 30 அல்லது 40 கிலோவாட் மணி லீஃபாகத் தேடுங்கள். சம்பளத்தை முழுதாக விழுங்காத அளவில் கிடைத்தால் அதுவே உங்களுக்கு நல்லது.

மேட்டில் குடியிருப்பவர்கள் மறக்கக்கூடாத ஒன்று இருக்கிறது. காலையில் நூறு வீதம் சார்ஜோடு புறப்படாதீர்கள். நிரம்பிய பெட்டரியில் இறக்கத்தின் மின்சாரம் போய்ச் சேர இடமில்லை. அப்போது மோட்டார் காரைப் பிடித்து நிறுத்தாது, முழுப் பாரமும் பிரேக்கில் விழும். நானுஓயாவிலிருந்து நீங்கள் புறப்பட்டதும் இறக்கம்தான். 85, 90 வீதத்தில் சார்ஜ் நிற்கும்படி டைமரை வைத்தால் இறக்கத்தில் திரும்பி வரும் மின்சாரத்துக்கு இடம் இருக்கும், பெட்டரிக்கும் ஆயுசு. நம் பாதைகளில் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போய் உருண்ட பஸ்களின் கதை நம் எல்லோருக்கும் தெரியும். மோட்டாரே காரைப் பிடித்துக்கொள்ளும் அந்த இதம் ஒன்றுக்காகவே மலைநாட்டில் மின்சாரக் காரை நான் சிபாரிசு செய்வேன். கியர் லீவரில் பி மோட் (மோட்டாரின் பிடிப்பைக் கூட்டும் நிலை) இருந்தால் இறக்கம் முழுவதும் அதிலேயே வையுங்கள். ஆனால் பிரேக்கைத் தொடாமலே ஓட்டினால் நம் ஈரத்தில் டிஸ்க் துருப்பிடிக்கும், வாரத்துக்கு இரண்டு தடவையாவது நன்றாக அழுத்திவிடுங்கள்.

மூடுபனி, ஹீட்டர் பற்றி. பெற்றோல் காரில் எஞ்சின் சூடு வீணாகப் போவதைத்தான் ஹீட்டருக்கு எடுக்கிறார்கள், அதனால் செலவு தெரியாது. மின்சாரக் காரில் அந்தச் சூட்டையும் பெட்டரிதான் உண்டாக்க வேண்டும். ஆரம்பத்து லீஃப்களில் சாதாரண மின் ஹீட்டர், 2013 முதல் வந்த உயர் ரகங்களில் ஹீட் பம்ப் (வெளிக்காற்றின் சூட்டை உள்ளே இழுக்கும் கருவி) உண்டு. ஹீட் பம்ப் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள், நம் 10, 12 பாகைக் குளிரில் அது பாதிச் செலவில் வேலை செய்யும். இரண்டு கிலோவாட் ஹீட்டரை ஒரு மணி நேரம் போட்டால் 14 கிலோமீட்டர் ஓடக்கூடிய மின்சாரம் போய்விடும். நம் வளைவுகளில் மணிக்கு 25, 30 கிலோமீட்டர்தான் போகிறோம் என்பதால் இந்த நஷ்டம் இன்னும் பெரிதாகத் தெரியும். சீட் ஹீட்டர் இருந்தால் அதைப் போடுங்கள், நூறு வாட்டுக்குள் முதுகு சூடாகிவிடும். புறப்படும் முன், பிளக் செருகியிருக்கும்போதே காரைச் சூடாக்கும் டைமர் இருக்கிறது, அதைப் பாவித்தால் பெட்டரியில் கை வைக்கத் தேவையில்லை.

கண்ணாடியில் ஆவி படிவதுதான் உண்மையான தொல்லை. நனைந்த குடையும் ஈர ஸ்வெட்டரும் காருக்குள் இருந்தால் எந்த ஹீட்டராலும் தெளிவாக்க முடியாது. குடையை டிக்கியில் போடுங்கள், கண்ணாடியின் உட்பக்கத்தை வாரம் ஒருமுறை சுத்தமாகத் துடையுங்கள். ஏசியைச் சிறிதாகப் போட்டால் ஈரம் இறங்கிவிடும்.

இனி நான் மிகவும் கவலைப்படும் விஷயம், வயரிங். காரோடு வரும் சார்ஜிங் கேபிள் பத்து அம்பியருக்கு மேல், ஆறேழு மணி நேரம், நிற்காமல் இழுக்கும். இஸ்திரிப் பெட்டி போல விட்டு விட்டு இழுப்பது இல்லை. தோட்டங்களின் பழைய லயன் வரிசை வீடுகளிலும், அதற்குப் பிறகு அங்கங்கே ஒட்டிக் கட்டிய வீடுகளிலும் இருக்கும் வயர் இதற்குத் தாங்காது. 2017இல் எனக்கே நடந்தது. அவசரத்துக்கு ஒரு எக்ஸ்டென்ஷன் வயரில் செருகிவிட்டுத் தூங்கினேன், நடுச்சாமத்தில் பிளாஸ்டிக் கருகும் வாடை வந்து எழும்பினேன். பிளக் உருகிச் சுவரோடு ஒட்டியிருந்தது. பிள்ளைகள் பக்கத்து அறையில். அன்றிலிருந்து எவருக்கும் எக்ஸ்டென்ஷனில் கார் சார்ஜ் பண்ண விடுவதில்லை. பிரதான போர்டிலிருந்து காருக்கென்று தனி லைன், 4 சதுர மில்லிமீட்டர் வயர், தனி பிரேக்கர், மின்கசிவு ஏற்பட்டால் துண்டிக்கும் 30 மில்லியம்பியர் ட்ரிப் சுவிட்ச், நல்ல எர்த். நம் மண் ஈரமாக இருப்பதால் எர்த் நன்றாக இருக்கும் என்று நினைக்காதீர்கள், அடியில் கல் இருந்தால் கம்பி இறங்காது. மீட்டர் வைத்து அளந்து பார்க்கச் சொல்லுங்கள். வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடம் முதலில் பேசுங்கள், இந்தச் செலவைக் காரின் விலையோடு சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

மின்சாரக் கட்டணத்தையும் சொல்ல வேண்டும். பதினொன்றரை யூனிட் பெட்டரிக்குள் போக, சுவரிலிருந்து 13 யூனிட் இழுக்கும். மாதம் 22 நாளுக்கு 285 யூனிட். வீட்டுக் கட்டணம் யூனிட் ஏற ஏறக் கூடும், 180ஐத் தாண்டினால் கடைசிப் படி. கார் உங்களை நேராக அங்கே கொண்டுபோய் விடும். வீட்டு மின்சாரத்துக்கு நேரத்துக்கேற்ற கட்டணம் என்று ஒரு திட்டம் இருக்கிறது. இரவு 10.30 முதல் காலை 5.30 வரை மலிவு, மாலை 6.30 முதல் 10.30 வரை மிக அதிகம். உங்கள் இணைப்புக்கு அது கிடைக்குமா என்று பிரதேச அலுவலகத்தில் கேளுங்கள். கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் மாலையில் மட்டும் காரைச் செருகாதீர்கள். நாடு முழுக்க விளக்குப் போடும் அந்த நான்கு மணி நேரத்தில்தான் எண்ணெய் எரிக்கும் நிலையங்கள் அதிகம் ஓடுகின்றன.

இந்த இடத்தில்தான் சுற்றுச்சூழல் கேள்விக்குப் பதில் வருகிறது. உங்கள் பயணத்துக்குப் பெற்றோல் கார் என்றால் மலையில் லீட்டருக்கு 12 கிலோமீட்டர் என்று வைத்தாலும் தினம் ஆறு லீட்டருக்கு மேல், ஏறத்தாழ 14 கிலோ கரியமில வாயு. மின்சாரக் காருக்கு 13 யூனிட். அது முழுவதும் நுரைச்சோலை நிலக்கரியில் வந்தது என்றால் 13 கிலோ, அதாவது பெரிய வித்தியாசம் இல்லை. முழுவதும் தண்ணீரில் வந்தது என்றால் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. எனவே எந்த மாதத்தில், எந்த நேரத்தில் செருகுகிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

தண்ணீர் மின்சாரம் நம் வீட்டு வாசலிலிருந்து போகிறது. 1950இல் லக்சபானவில் தொடங்கி, நோர்ட்டன் பிரிட்ஜ், கெனியன், 2012இல் தலவாக்கலையில் 150 மெகாவாட் மேல் கொத்மலை வரை, நம் மழைதான் அந்த டர்பைன்களைச் சுழற்றுகிறது. அதற்காக நம் ஆட்கள் இடம் பெயர்ந்தார்கள், பழைய மஸ்கெலியா ஊரே மவுஸ்ஸாக்கலைத் தண்ணீருக்குள் போனது. கடும் வெயிலில் தண்ணீர் வற்றினால் அந்த ஊரின் பழைய கோயில் வெளியே தெரியும். நான் அதையே அளவுகோலாக வைத்திருக்கிறேன். கோயில் தெரிய ஆரம்பித்தால் இரவில் செருகுவதைக் குறைத்து, நடுப்பகலுக்கு மாற்றிக்கொள்வேன்.

நடுப்பகல் ஏன் என்றால், இப்போது நாட்டில் கூரைச் சூரிய மின்சாரம் பெருகிவிட்டது. 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், தேவை குறைந்த நேரத்தில் மின்சாரம் மிஞ்சுகிறது என்று, கூரைச் சூரியத் தகடுகளைப் பகலில் நிறுத்தி வைக்கும்படி மின்சார சபையே கேட்டுக்கொண்டது. மிஞ்சிப்போகும் அந்த மின்சாரத்தை ஒரு கார் குடித்தால் அதைவிடச் சுத்தமான ஓட்டம் எது? சனி, ஞாயிறு பகலில் வீட்டிலும், வார நாளில் பாடசாலையிலும் செருக முடிந்தால் அதுதான் முதல் தரம். நுவரெலியாப் பக்கத்தில் சொந்தமாகக் கூரைத் தகடு போடுவது பற்றியும் யோசியுங்கள், தை முதல் சித்திரை வரை நல்ல வெயில். ஆனி, ஆடியில் மேகத்துக்குள் இருப்போம், அப்போது பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம்.

காரை விட வீட்டுக்குள் நடப்பது பெரிது என்பதையும் சொல்லாமல் விட முடியாது. ஒரு வாளித் தண்ணீரை, 15 லீட்டர், நம் குழாயின் 15 பாகையிலிருந்து குளிக்கும் சூட்டுக்குக் கொண்டுவர ஏறக்குறைய அரை யூனிட். அதே ஆள் ஷவரில் நின்று 50 லீட்டர் ஊற்றினால் ஒன்றரை யூனிட், அதில் கார் பத்துக் கிலோமீட்டர் ஓடும். ஐந்து பேர் உள்ள வீட்டில் ஷவரா வாளியா என்பதே மாதத்துக்கு 150 யூனிட் வித்தியாசம். அறை ஹீட்டர் இன்னும் மோசம், இரண்டு கிலோவாட்டில் நான்கு மணி நேரம் என்றால் உங்கள் ஹட்டன் பயணத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. தகரக் கூரைக்குக் கீழே சீலிங் அடித்து, கதவு ஜன்னல் இடுக்குகளை அடைத்து, நல்ல கம்பளி இரண்டு வாங்கினால் அந்த ஹீட்டர் தேவைப்படாது. சூரிய வெந்நீர்த் தொட்டி போட முடிந்தால், கூரைத் தகட்டுக்கு முன்னால் அதைத்தான் போடச் சொல்வேன்.

தோட்டத்தில் இருக்கும் உங்கள் அப்பா அம்மா இன்னும் விறகடுப்பில்தான் சமைக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். கவ்வாத்து மிலாரை (தேயிலைச் செடியை வெட்டிவிடும்போது விழும் குச்சிகளை)க் காயவைத்து எரிப்பதில் குற்றமில்லை, மீண்டும் முளைக்கும் மரம் அது. குற்றம் புகையில் இருக்கிறது. என் அம்மா லிந்துலை லயனில் முப்பது வருடம் அந்தப் புகைக்குள் நின்று சமைத்தார், கடைசிக் காலத்தில் மாடிப்படி ஏற மூச்சு வரவில்லை. புகைபோக்கி வைத்த அடுப்பு ஒன்றைக் கட்டிக் கொடுங்கள். விறகை மழையில் நனையாமல் ஒரு மாதம் அடுக்கி வைக்க இடம் செய்து கொடுங்கள், ஈர விறகுதான் அதிகம் புகையும். காருக்குச் செலவழிக்கும் பணத்தில் இது மிகச் சிறிய துண்டு.

அவசர காலத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 2022இல் பெற்றோலுக்கு நாள்கணக்கில் வரிசை நின்றபோது நான் வேலைக்குப் போய் வந்தேன். அதே வருடம் மார்ச் கடைசியில் 13 மணி நேர மின்வெட்டு வந்தபோது கரண்ட் இருந்த நேரமெல்லாம் காரைச் செருகிக் கொண்டிருந்தேன். 2025 நவம்பரில் டித்வா புயலோடு மண் சரிந்து, பாதைகள் உடைந்து, பல இடங்களில் நாட்கணக்கில் கரண்ட் இல்லாமல் போனபோது எந்தக் காரும் உதவவில்லை. ஆனால் காரின் 12 வோல்ட் பெட்டரியில் சிறிய இன்வெர்ட்டர் ஒன்றை மாட்டி, காரை ஓனில் வைத்து, எங்கள் வரிசையில் ஆறு வீட்டுப் போன்களுக்கும் சார்ஜ் கொடுத்தோம், இரண்டு பல்பும் எரிந்தது. மண்சரிவு எச்சரிக்கை வந்தால் அன்று மட்டும் நூறு வீதம் ஏற்றிவிடுங்கள், சரிவுக்குக் கீழே காரை நிறுத்தாதீர்கள்.

பஸ்ஸில் போக முடிந்தால் பஸ்தான் எல்லாவற்றையும்விடச் சுத்தமானது, அதை மறைக்க மாட்டேன். ஆனால் மாலை வகுப்பு முடிந்து இருட்டில் பஸ் இல்லாமல் நிற்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதனால் வாங்குங்கள் என்றுதான் சொல்கிறேன். தனியாகப் போகாமல் தலவாக்கலையில் ஏறும் இரண்டு ஆசிரியர்களையும் சேர்த்துக்கொண்டால் கணக்கு இன்னும் நன்றாகும்.

வாங்கும்போது டேஷ்போர்டுக் கோடுகளை நம்பாதீர்கள். நான் வாங்கிய இடத்தில் 12 கோடும் காட்டினார்கள், இரண்டு மாதத்தில் ஒன்று போய்விட்டது. கணினியை ரீசெட் செய்து கோடுகளை நிரப்பிக் காட்ட முடியும் என்பது எனக்கு அப்போது தெரியாது. லீஃப் ஸ்பை என்ற செயலியும் ஒரு புளூடூத் கருவியும் இருந்தால் பெட்டரியின் ஆரோக்கிய வீதத்தையும் ஒவ்வொரு செல்லின் வோல்ட்டேஜையும் பார்க்கலாம். ரீசெட் செய்த காரில் அந்த வீதமும் சில வாரம் பொய் சொல்லும், ஆனால் ஏற்றத்தில் பலவீனமான செல்லின் வோல்ட்டேஜ் தனியாகக் கீழே விழுவதை மறைக்க முடியாது. ஆகவே விற்பவரிடம் ஒரு மாலை கேளுங்கள். ஹட்டனில் வைத்துப் பெட்டரி அறுபது வீதத்தில் இருக்கும்போது புறப்பட்டு, நீங்கள் தினமும் வரப்போகிற அதே நேரத்தில், விளக்கும் ஹீட்டரும் போட்டு, இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு நானுஓயாவுக்கு ஏறி வாருங்கள். பத்து வீதத்துக்கு மேல் மிஞ்சி வீடு வந்து சேர்ந்தால் முற்பணம் கொடுங்கள். லிந்துலை தாண்டியதும் பெட்டரி தீரப்போகிறது, இனி வேகம் குறையும் என்று சொல்லும் மஞ்சள் ஆமை விளக்கு எரிந்தால் காரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எனக்கு எழுதுங்கள், வேறு ஒன்று தேடலாம்.